விசிறி மடிப்பில் சிவப்புக் கல்

பொன்னில் மணியைப் பதிக்க நூல்களில் விதி உண்டு. பட்டுத்துணியில் கண்ணாடிக் கல்லை ஒட்ட மட்டும் எந்த முனிவரும் விதி எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் உறையூரில் இப்படியொரு வழக்கு எழுந்திருக்காது.

கோமளவல்லிக்கு வயது நாற்பத்து மூன்று. பதினாறில் நடந்திருக்க வேண்டிய அவளுடைய பரத அரங்கேற்றம் படிப்பு, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று தள்ளிக்கொண்டே போய், ஒருவழியாக நாள் குறித்தாயிற்று. தன் கூறைப்புடவையையே வெட்டக் கொடுத்து ஆடை தைத்து வாங்கிக்கொண்டாள். அரைமண்டியில் உட்கார்ந்தால் தோகைபோல விரியும் முன்பக்க விசிறி மடிப்பில், அவளே கடை கடையாக ஏறிப் பொறுக்கிய சிவப்புக் கற்கள். நவரத்தினம் ஒன்பதில் எதிலும் சேராதவை. முதுகில் ரசம் பூசிய வெறும் கண்ணாடி. ஆனாலும் அவற்றைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பதினாறு வயதாகிவிடும்.

அரங்கேற்றத்தன்று நண்பகலில் நாத்தனார் சுடர்க்கொடி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். அண்ணி மேடையில் கசங்கி நிற்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ரவிக்கை தைப்பதில் ஊரறிந்தவள். ஆனால் புடவைக்கு இஸ்திரி போட்டே பழகிய கை, விசிறியை உட்புறம் திருப்ப மறந்துவிட்டது. ஆடை தைத்தவர் கற்களை ஒட்டியிருந்ததோ சூட்டில் இளகும் பசையால். இளகியது. உலுக்கிய கிளையிலிருந்து நாவற்பழம் விழுவதுபோலக் கற்கள் தரையில் கொட்டின.

“ஐயோ அண்ணி, என் கையை உடைங்க!”

“கையை உடைச்சுட்டா அப்புறம் யாரு ஒட்டுறது?” என்று கோமளவல்லி சிரிக்கத்தான் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கற்களைப் பொறுக்கினாள்.

கணவர் மணிவாசகம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். “இதுக்குப் போயா அழுவாங்க? சூப்பர் க்ளூ இருக்கு. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள பிடிச்சுக்கும்.”

“துணியில அது வெள்ளையாப் பொருக்குத் தட்டி, தகரமாட்டம் ஆயிடும்ணே. மடிப்பு விரிஞ்சா வெடிச்சிடும். இதுக்குத் துணிப் பசைதான். காஞ்ச பிறகும் ரப்பர் மாதிரி வளைஞ்சு கொடுக்கும்.”

“எப்பக் காயும்?”

“நாளைக்கு.”

“அரங்கேற்றம் இன்னிக்கு, தாயே!”

இருவரும் கோமளவல்லியைப் பார்த்தார்கள். அவளோ எவர் மனமும் கோணக் கூடாது என்று அப்பளத்தைக்கூட ஒடித்துப் பங்கு வைப்பவள். விசிறியின் இடப்பாதியைக் கணவரிடமும் வலப்பாதியை நாத்தனாரிடமும் கொடுத்தாள்.

பிளஸ் டூ படிக்கும் மகள் நிறைமதி கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்: “ஏம்மா, ஒட்டலன்னா என்ன ஆகும்?”

“மொட்டையா இருக்கும்.”

“சரி, ஒட்டி விழுந்தா?”

 அப்பாவின் பசைக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் குண்டூசி தேடிக்கொண்டிருந்தார்கள்.

மாலை, ஒப்பனை அறை. ஆசிரியை மங்கையர்க்கரசி கோமளவல்லியின் வெறுங்காலில் சலங்கை கட்டிவிட்டு மேடைக்குப் போனார். மடிப்பைச் சரிசெய்வதாகச் சொல்லி நிறைமதி முன்னால் மண்டியிட்டாள். வலப்பக்கக் கற்கள் விரல் பட்டதுமே வழுக்கின. இடப்பக்கக் கற்களை நகத்தால் நெம்ப, பொருக்கோடு பெயர்ந்தன. ஒன்றே ஒன்று மட்டும் அசையவில்லை. இன்னும் இழுத்தால் பட்டு கிழிந்துவிடும் என்று அதை விட்டுவிட்டாள். கோமளவல்லி குனிந்து பார்த்தபோது அந்த ஒற்றைக் கல்லைத் தவிர விசிறி வெறுமையாக இருந்தது. கற்கள் மகளின் கைப்பிடிக்குள்.

“என்னடி பண்ணித் தொலைச்ச!”

“அப்புறமாத் திட்டும்மா. டீச்சர் தாளத்துக்குத் தட்டுக்கழி தட்டுற சத்தம் கேக்குது, போ.”

நிறைந்த கண்ணோடு போனாள். ஆடினாள். ஜதிக்கு ஜதி பாதம் பலகையை அறைந்தது. தில்லானா வரை எங்கும் தடுமாறவில்லை. விசிறி மொட்டையாக இருந்ததை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமை தாங்குவதாகச் சொன்ன பிரமுகர், பிரமுகர்களின் மரபுப்படி, வரவில்லை. அவருக்கு வாங்கிய பொன்னாடை மிஞ்சியது. ஆசிரியை அதைக் கோமளவல்லியிடம் நீட்டினார். “இன்னிக்கு நீ முழுசா ஆடி முடிச்சது யாரால? அவங்களுக்குப் போர்த்து.”

“என் பக்கத்துக் கல்லு ஒண்ணை நிறைமதியாலயே பிடுங்க முடியலையாம். பிடிப்புன்னா அதுதான்!” என்றார் மணிவாசகம்.

“பொருத்தமான பசையைச் சொன்னவ நான். இன்னிக்குக் காயாதுன்னு ஒளிக்காமச் சொன்னவளும் நான்தான்” என்றாள் சுடர்க்கொடி.

நிறைமதியோ ஒடிந்த நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளோடு இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது மேடை பெருக்கியவர் வந்து, “நடுவுல கிடந்துச்சும்மா, உங்களோடதா?” என்று ஒரு சிவப்புக் கல்லைக் கொடுத்தார். அதன் முதுகில் வெள்ளையாக, கத்தி முனைபோலக் கூரான ஒரு பொருக்கு.

மூவருமே அன்பினால்தான் செய்தார்கள். அதில் ஒருத்தி மட்டும், மேடையேறும் நேரத்தில், கோமளவல்லியின் ஆசையை அவளைக் கேட்காமலே பிய்த்தாள். அப்படியானால் பொன்னாடை யார் தோளுக்கு உரியது? கீழே படிக்குமுன் சொல்லிப் பாருங்கள்.

விடை: நிறைமதிக்கு. எது நன்றாக ஒட்டும் என்றே பெரியவர்கள் இருவரும் யோசித்தார்கள். விழுந்தால் எங்கே விழும் என்று யோசித்தவள் அவள் ஒருத்தி. விசிறியிலிருந்து விழும் கல், ஆடுபவளின் வெறும் பாதத்துக்குக் கீழேதான் விழும். மேடையில் கிடந்தது, பிடிப்புக்குச் சாட்சியாக அப்பா காட்டிய அதே கல்தான்; ஒன்று தப்பியது காலின் அதிர்ஷ்டம், அத்தனையும் விழுந்திருந்தால் கால் தப்பியிருக்காது. சுடர்க்கொடி சொன்ன பசை சரியே. ஆனால் நாளைக்குக் காயும் பசை இன்றைய மேடைக்குப் பசையே அல்ல. கோமளவல்லி அந்தப் பொருக்கைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு பொன்னாடையை மகளுக்குப் போர்த்தி, அதற்கு மேலேயே கட்டிக்கொண்டாள். “வேர்க்குதும்மா, விடு” என்றாள் நிறைமதி. விடவில்லை.