அட்டையில் எழுதிய எண்

சடகோபனின் பையை வேறு யாராவது தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். அவரோ அதை மாட்டிக்கொண்டு காய் வாங்கப் போவார், கோயிலுக்குப் போவார், மொட்டை மாடியில் துணி காயப்போடக்கூட அதோடுதான் ஏறுவார். வயது அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி லோகாம்பாள் போய்ச் சேர்ந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

அந்தப் பையோடுதான் மலையடிவார மடத்துக்கும் வந்தார். அங்கே குருவாக இருந்த நாச்சியாரம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். மடம் என்று பேர்தான் பெரிசு. ஒரு ஓட்டு வீடு, சுனைக்கு இறங்கும் படிகள், அந்த அம்மா ஒருவர். அவ்வளவுதான்.

அன்றைக்கு அம்மா கொஞ்சம் நொண்டிக்கொண்டே வந்து பாயில் உட்கார்ந்தார். கணுக்காலில் பழைய புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது. சடகோபன் பார்த்தார். ஆனால் மனசு தன் கேள்வியிலேயே இருந்தது.

"அம்மா, எவ்வளவு வாங்கி வச்சாலும் பயம் போக மாட்டேங்குது. ஒண்டியாளா இருக்கேன். திடீர்னு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது? இந்தப் பையில இன்னும் என்ன குறையுது, சொல்லுங்க."

"எடுத்து வைங்க, பார்ப்போம்."

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டார்ச், அதற்கு மாற்று பேட்டரி, மடக்குக் கத்தி, நைலான் கயிறு, நனையாமல் பாலிதீனில் சுற்றிய தீப்பெட்டி, மாத்திரை, குளுக்கோஸ், கட்டுப் போடுகிற பேண்டேஜ் சுருள். பாய் போதவில்லை. சின்னதாக ஒரு கடையே போட்டுவிடலாம்.

அம்மா ஒரு விசிலை எடுத்தார். "இது?"

"எங்கேயாவது மாட்டிக்கிட்டா ஊதறதுக்கு."

"ஊதிப் பார்த்தீங்களா?"

"ஒருநாள் வீட்டுல ஊதினேன்."

"யார் வந்தா?"

"எதிர் வீட்டு நாய் குரைச்சுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பையின் ஓரத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்று தொங்கியது. பெயர், ரத்த வகை, கீழே 'ஆபத்து என்றால் இந்த எண்ணை அழைக்கவும்'. எண் அழகான கையெழுத்தில் இருந்தது.

அம்மா இடுப்பிலிருந்து தன் பழைய போனை எடுத்து, அந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார்.

"ஐயோ, வேண்டாம்மா" என்றார் சடகோபன்.

அதற்குள் அழைப்பு போய்விட்டது. நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது.

"யாரோட எண் இது?"

சடகோபன் கயிற்றை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார். "என்னோடதுதான்."

"போன் எங்கே?"

"பையில. சார்ஜ் தீர்ந்துடக் கூடாதேன்னு அணைச்சு வச்சிருக்கேன். ஆபத்துன்னு வந்தா வேணுமில்ல."

"சரி. அட்டையில ஏன் உங்க எண்ணையே எழுதினீங்க?"

"ரெண்டு நாள் யோசிச்சேன் அம்மா. யார் பேரும் வரல. அவ இருந்தா அவ எண்ணை எழுதியிருப்பேன்." கயிற்றைக் கீழே வைத்தார். "காலியா விட மனசு வரல."

அம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் கொண்டு வந்தார். அட்டையைப் பார்த்து அந்த எண்ணைத் தன் காகிதத்தில் எழுதி, நாலாக மடித்து, போன் உறைக்குள் செருகிக்கொண்டார்.

"எதுக்கும்மா அது?"

"போன மாசம் சுனைப் படியில வழுக்கி விழுந்துட்டேன். காலையில விழுந்தவ, பொழுது சாயற வரைக்கும் அங்கேயே கிடந்தேன்."

"ஐயையோ! போன் இல்லையா கையில?"

"இடுப்புலதான் இருந்துச்சு. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல."

சடகோபன் அப்போதுதான் அம்மாவின் கணுக்காலை ஒழுங்காகப் பார்த்தார். வீக்கம் இன்னும் வடியவில்லை. பாயில் கிடந்த பேண்டேஜ் சுருளை எடுத்தார். இரண்டு வருஷம் சுமந்தும் அதன் உறையைப் பிரித்ததே இல்லை. புடவைக் கிழிசலை மெல்ல அவிழ்த்துவிட்டு, பேண்டேஜைச் சுற்றினார். இறுக்கமாக இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அம்மா இல்லை என்றார்.

கட்டி முடித்த பிறகு, எல்லாவற்றையும் பைக்குள் திரும்ப அடுக்கினார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி நின்றார்.

"என்ன குறையுதுன்னு நீங்க சொல்லவே இல்லையே, அம்மா?"

"அடுத்த தடவை பையை மறந்துட்டுக்கூட வாங்க" என்றார் நாச்சியாரம்மா. "போனை மட்டும் அணைச்சுடாதீங்க. நான் கூப்பிடுவேன்."