ரதோயே உட்காராத நாற்காலி

அந்தக் காலத்தில் ஓநாய்க்கும் பேச்சு வரும். வீண்பேச்சு மட்டும் வராது. அதை மனிதர்கள் அப்போதே மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

செர்பிய நாட்டில் ஷுமாதியா மலைக்காட்டை ஒட்டி ரதோயே என்றொரு குடியானவன் இருந்தான். ஒரு குளிர்காலத்தில் அவன் பனிப்புயலில் வழி தெரியாமல் விழுந்துவிட்டான். அந்தப் பக்கம் வந்த ஓநாய் ஒன்று, புயல் ஓயும்வரை அவனை அணைத்துப் படுத்துச் சூடு கொடுத்தது. பிறகு வாசல்வரை கூட்டிவந்து விட்டது.

ரதோயே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். "இனிமே நீதான் எனக்கு அண்ணன். எங்க வீட்டு ஸ்லாவாவுக்கு நீ கட்டாயம் வரணும்."

ஸ்லாவா என்பது ஒவ்வொரு குடும்பமும் தன் காவல் புனிதருக்கு எடுக்கும் திருநாள். மெழுகுவர்த்தி ஏற்றி, வருகிறவர்களுக்கு இனிப்பு சேர்த்து அவித்த கோதுமையைக் கொடுப்பார்கள்.

அந்த நாளும் வந்தது. ஊர்த்தலைவர் மிலுதின் அன்று தாமே வீடு தேடி வந்திருந்தார். ரதோயேவுக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிளம்பழச் சாராயத்தை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. ரோமமெல்லாம் பனி அப்பியிருக்க ஓநாய் நின்றது. வெறுமனே வரக் கூடாதென்று வாயில் கவ்வி வந்த காட்டு ஆப்பிளை நிலைப்படியில் வைத்தது.

"யாருப்பா இது?" என்று தலைவர் முகம் சுளித்தார்.

எழுந்துபோய் அழைக்க வேண்டியவன் அசையவே இல்லை. "தெரியலைங்க ஐயா. ஏதோ நாய் போல," என்றான்.

ஓநாய் அவனைப் பார்த்தது. கோபப்பட்டுப் பாய்ந்திருந்தால்கூடத் தேவலை. "ஆமாங்க, நாய்தான். வீடு மாறி வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க," என்று தலைவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

அடுப்படியில் நின்ற மனைவி ஸ்தானியா மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டாவது தடவையும் உங்களைக் காப்பாத்திட்டுப் போகுது."

ரதோயே கூனிக் குறுகிப் போனான். கோதுமைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, "அண்ணே! அண்ணே!" என்று பனியில் ஓடினான். காட்டுக்குள்ளிருந்து ஊளைதான் வந்தது. காது கொடுத்துக் கேட்டான். அதில் ஒரு சொல்கூட இல்லை.

திரும்பி வந்து கதவை அகலத் திறந்து வைத்தான். நடந்ததையெல்லாம் தலைவர் முன்னாலேயே சொல்லி அழுதான். "சரி, உட்காருப்பா," என்றார் அவர்.

"இதுல உட்கார்ந்துதானே ஐயா அப்படிச் சொன்னேன்? இனிமே எந்த முகத்தோட உட்காருவேன்?" என்றவன், கடைசி விருந்தாளி போகும்வரை நின்றபடியே பரிமாறினான்.

அன்று முதல்தான் ஸ்லாவா நாளில் வீட்டுக்காரர் உட்காருவதில்லை. யாரையும் தனியாக விருந்துக்கு அழைப்பதில்லை, வர நினைப்பவர் வரலாம்; வந்தவரை யாரென்று கேட்பதும் இல்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். வெட்கம் என்று யாரும் சொல்வதில்லை.