வராதவர்களின் சம்மதம்

நகரத்தின் தெற்கு ஓரத்தில், மழைத் தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுபோகும் ஓடை ஒன்று இருந்தது. அதை மூடி மனை போட விரும்பினார், கட்டுமான முதலாளி ரத்தினசபாபதி. மூடினால் ஓடைக்கரைத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறும்.

அன்றைய சட்டப்படி, தெருக்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்காமல் அனுமதி கிடையாது. ஆள் வராத கூட்டம் செல்லாது. எனவே தெருச் சங்கத் தலைவர் கோமதிநாயகம் ஒரு கட்டுப்பாடு வைத்தார்: கூட்டம் என்றால் யாரும் போகக்கூடாது. இருமுறை முதலாளி காலி நாற்காலிகளைப் பார்த்துத் திரும்பினார். அதன்பின் வீடு வீடாக வந்து காப்பி குடித்தார். பாதி ஓடையை விட்டுவிடுவதாகக்கூட இறங்கி வந்தார்.

அப்போது சட்டம் திருத்தப்பட்டது. இனிக் கூட்டத்துக்கு யாரும் வராவிட்டால், யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று பொருள்.

முதலாளி வீடுகளுக்கு வருவதை நிறுத்தினார். அந்தத் தெருவின் முதல் பட்டதாரி இசக்கியம்மாளை மக்கள் தொடர்பு வேலைக்கு வைத்துக்கொண்டார். திருத்தத்தை விளக்கிவிட்டுச் சொன்னார்: "தேதிய மட்டும் சொல்லு. வேற பேசினா வேலை இருக்காது." அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

இசக்கியம்மாள் கோமதிநாயகத்திடம் போனாள்.

"மாமா, வெள்ளிக்கிழமை கூட்டம். இந்தத் தடவ எல்லாரும் வாங்க."

"ஏட்டி, போகாம இருந்துதான ஜெயிச்சோம்? காலி நாற்காலியப் பாத்து ஒங்க முதலாளிக்குப் பயம் வந்துட்டோ?"

"வந்தா நல்லது மாமா."

"ஏன்?"

"தேதி சொல்லத்தான் வந்தேன்" என்று கிளம்பினாள்.

"நம்ம பிள்ளையையே தூது விடுதான் பாரு" என்று அவர் சிரித்தார். வெள்ளிக்கிழமை யாரும் போகவில்லை. அனுமதி கிடைத்தது, ஓடை மண்ணானது. ஐப்பசி மழையில் இசக்கியம்மாள் வீடு உட்பட எல்லா வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர்.

"சட்டப்படி கூப்பிட்டேன், பந்தலும் போட்டேன்" என்றார் முதலாளி. "சட்டம் மாறினது எனக்கெப்படித் தெரியும்?" என்றார் கோமதிநாயகம். "வாங்கன்னு சொன்னேனே" என்றாள் இசக்கியம்மாள்.

சொல்லுங்கள், இம்மூவரில் தண்ணீரை வீடுகளுக்குள் விட்டது யார்?

விடை: மூடியவர் முதலாளி. ஆனால் அவர் தன் எண்ணத்தை ஒருநாளும் மறைத்ததில்லை, அவரை யாரும் நம்பியதும் இல்லை. கோமதிநாயகம் தெரியாமல் தவறினார். இருந்தும் 'ஏன்' என்று கேட்டார். பதில் தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டாள். தெருவும் அவளைத்தான் சொன்னது. அதில் பிழையில்லை. சட்டத்தைத் திருத்தியவர்களை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. இசக்கியம்மாள் பெயர் எல்லோருக்கும் தெரியும்.