கடுகு துள்ளிய பறை

முன்னொரு காலத்தில் கருமலைக் கோட்டையைக் குமுறவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் கொடுத்த பதவியை மாலையில் பிடுங்குவான். சாப்பாடு ருசித்தால் திரும்பக் கொடுப்பான். அவனுடைய மந்திரி நல்லமாணிக்கத்துக்குக் காது முக்கால் செவிடு. உரக்கப் பேசினால் பாதி கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். "எனக்குக் காது இரண்டும் கடுக்கன் மாட்டத்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சமயம் எதிரிப்படை கோட்டையை வளைத்திருந்தது. ஆனால் பத்து நாளாக ஓர் அம்புகூட வரவில்லை.

"பயந்துவிட்டார்கள், மகாராஜா" என்றார் தளபதி வீரசிங்கமுத்து. சளி பிடித்த சங்கு போன்ற குரல் அவருக்கு. மந்திரி பதவிமேல் மூன்று வருஷத்து ஆசையும் உண்டு.

"சும்மா இருக்கிற எதிரி சுரங்கம் தோண்டுவான், மன்னா" என்றார் மந்திரி. "மதிலுக்கு அடியில் வருகிறான் என்று நினைக்கிறேன்."

"தலைக்குமேல் இடி இடித்தாலே கேட்காது. இவருக்குப் பூமிக்கடியில் கேட்கிறதாம்" என்றார் தளபதி.

சபை சிரித்தது. மந்திரியும் சிரித்தார். எதற்கென்று பக்கத்தில் விசாரித்துவிட்டு, இன்னொரு முறை நன்றாகச் சிரித்தார்.

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "ஓய் மந்திரி, நாளை பொழுது சாய்வதற்குள் சுரங்கத்தைக் காட்டும். இல்லாவிட்டால் உம் முத்திரை மோதிரம் தளபதிக்கு."

மறுநாள் தளபதியின் வீரர்கள் மதில்மேல் நின்று காற்றில் காதை நீட்டினார்கள். காக்கைதான் கத்தியது. மந்திரியோ மதிலோரமாக ஏழு பறைகளைத் தோல் மேலே இருக்கும்படி தரையில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கடுகு தூவினார்.

"தாளிக்கப் போகிறீரா?" என்றான் ராஜா.

"மண்ணுக்குள் குத்தினால் தரை அதிரும், மன்னா. காற்றில் தேய்ந்துபோகிற சத்தம் தரை வழியே ஓடிவந்து தோலை உலுக்கும். காது உள்ளவர்கள் கேட்கட்டும், எனக்குக் கண்தான் கதி."

கிழக்குப் பறையில் கடுகு குதித்தது. "தோண்டுங்கள்" என்று சங்கு ஊதினார் தளபதி.

மந்திரி குனிந்து உற்றுப் பார்த்தார். "பொறுங்கள். நிற்காமல் ஒரே தாளத்தில் குதிக்கிறது. சுரங்கக்காரன் நாலு குத்துக் குத்திவிட்டு மண் அள்ள நிற்பான். இது உலக்கை."

பக்கத்து வீட்டுச் சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்தால், இரண்டு பெண்கள் வேர்த்து விறுவிறுத்துக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"காலையிலேயே தளபதி ஐயா நெல்லுக் குத்த விட்டுட்டார், சாமி. நெல்லு தீர்ந்துபோச்சு, உமியைக் குத்துறோம். நிறுத்தக் கூடாதாம்."

ராஜா தளபதியைப் பார்த்தான். தளபதி காக்கையைப் பார்த்தார்.

உலக்கை ஓய்ந்ததும் வடக்குப் பறையில் கடுகு லேசாக அசைந்தது. நாலு துள்ளல், ஓர் ஓய்வு, மறுபடி நாலு. மந்திரி அந்தப் பறையைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார், கடுகு தூங்கியது. வலப்பக்கம் வைத்தார், துள்ளியது. துள்ளல் கூடுகிற பக்கமாகவே நகர்த்தி நகர்த்திப் போனதில், ஒரு வீட்டுக்குள் கடுகு பறையைவிட்டே குதித்து ஓடியது. அது தளபதியின் வீடு. அவர் கட்டிலுக்கு நேர்க்கீழே சுரங்கம்.

கட்டிலைத் தூக்கிப் போட்டுக் குழி தோண்டி, கோட்டைக் குளத்து நீரைச் சுரங்கத்துக்குள் வெட்டிவிட்டார்கள். சேறும் சகதியுமாக வெளியேறிய எதிரிகள் சொந்த ஊர் போய்த்தான் நின்றார்கள்.

ராஜா சபையைக் கூட்டினான். "நல்லமாணிக்கத்தைப் போல் அறிவாளி இந்த நாட்டில் இல்லை. மோதிரம் அவருக்கே. இனிமேல் தளபதிதான் அவருக்குக் காது. நான் சொல்வதையெல்லாம் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்லவேண்டும். இதிலிருந்தே தொடங்கட்டும்."

தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். "உம்மைப் போல்... அறிவாளி... இந்த நாட்டில் இல்லையாம்."

மந்திரி காதருகே கையைக் குவித்தார். "அறிவாளியா? என்னையா? மன்னர் வேறு யாரையோ சொல்லியிருப்பார், தளபதியாரே. எதற்கும் இன்னொரு தடவை கேட்டுச் சொல்லும்."