கொஞ்சம் கசிகிற மாப்பிள்ளை

தென்காசிப் பக்கம் ஒரு ஊரில் சங்கிலிமுத்து, கொம்பையா, வெயிலுகந்தான் என்று மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதையும் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு டிரிப்பர் உண்டு. எங்கேயாவது மின்சாரம் கசிந்தால் பட்டென்று விழுந்து, கரண்டை நிறுத்தி, உயிரைக் காப்பாற்றுகிற சாமான். மாட்டின நாளிலிருந்து அது விழுந்ததே இல்லை.

மூத்தவர் சங்கிலிமுத்துவின் மகள் செண்பகவடிவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளை பூதலிங்கம் நாகர்கோவிலிலிருந்து முதல் விருந்துக்கு வந்தார். அந்த வீட்டில் யாரும் வெந்நீரில் குளிப்பதில்லை. ஹீட்டர் அழகுக்குத் தொங்கியது. மாப்பிள்ளை குளியலறைக்குப் போய் அதன் சுவிட்சைப் போட்டார். பட்! வீடு முழுக்கக் கரண்ட் போனது.

எலக்ட்ரீசியன் மிக்கேல் கல்யாண மண்டபத்தில் ஏணிமேல் இருந்தார். போனிலேயே சொன்னார்: "வீட்டுல இருக்கறத ஒவ்வொண்ணா கழட்டிட்டு டிரிப்பரத் தூக்கிப் பாருங்க. எதக் கழட்டினதும் விழாம நிக்குதோ, அதுலதான் கோளாறு."

கிரைண்டரைத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். டிரிப்பர் விழுந்தது. கட்டில், அம்மி, ஊறுகாய்ச் சாடி எல்லாம் போயின. விழுந்தது.

"அண்ணே, முருகன் படம்?" என்றார் வெயிலுகந்தான்.

"சாமி கசியுமாடே?"

"கசியாதுதான். ஆனா ஒவ்வொண்ணான்னு சொல்லிருக்காரே."

சூடம் காட்டி முருகனையும் தெருவில் வைத்தார்கள். விழுந்தது.

மாப்பிள்ளை ஒழுங்கான பிள்ளை. ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, தலையில் சோப்பு நுரையோடு, துண்டோடு வந்து, "என்ன மாமா?" என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படியே அலாக்காகத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். டிரிப்பரைத் தூக்கினார்கள். நின்றது.

"அவசரப்படக் கூடாது, இன்னொரு தடவை பாத்துருவோம்" என்றார் நடுவுள்ளவர் கொம்பையா. மாப்பிள்ளையை உள்ளே விட்டார்கள். நுரையைக் கழுவப் போனவர் ஹீட்டரைப் போட்டார். விழுந்தது. அணைத்துவிட்டு வந்தவரைத் தூக்கி வெளியே வைத்தார்கள். நின்றது.

"மாமா, ஹீட்டரா இருக்கும்."

"ஹீட்டர் நாலு வருசமா நம்ம வீட்டுல இருக்கு மாப்பிள்ள. நீங்க நேத்து வந்தவரு."

பழி போட ஆள் கிடைத்துவிட்டால் வீட்டில் ஒரு நிம்மதி வரும். அது அன்றைக்கு வந்தது. கட்டில், அம்மி, முருகன் எல்லாம் உள்ளே திரும்பின. மாப்பிள்ளை மட்டும் தெருவில், பிளாஸ்டிக் நாற்காலியில்.

"ஜாதகத்துல இருந்திருக்கும்டே. நாமதான் ரஜ்ஜுப் பொருத்தம் மட்டும் பாத்தோம்" என்றார் சங்கிலிமுத்து.

"அப்பா, அவரு கோவிச்சுட்டுப் போனா நான் என்ன செய்ய?" என்று அழுதாள் செண்பகவடிவு.

"காப்பி குடு, போகமாட்டாரு. எவர்சில்வர் டம்ளர்ல குடுத்துராத, ஷாக் அடிக்கும்."

தெருவில் போனவர்கள் விசாரித்தார்கள். "ஒண்ணுமில்ல, மாப்பிள்ள கொஞ்சம் கசியுதாரு" என்று சங்கிலிமுத்து மரியாதையாகவே பதில் சொன்னார்.

சாயங்காலம் மிக்கேல் வந்து ஹீட்டரைத் திறந்தார். உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற கம்பிச்சுருள் வெடித்திருந்தது. "டிரிப்பர் மட்டும் விழலைன்னா, உங்க மக தாலி போயிருக்கும்யா!" என்று கத்திவிட்டு, ஹீட்டரைக் கழற்றி மூலையில் போட்டார். மாப்பிள்ளை உள்ளே அழைக்கப்பட்டார். நேரே அறைக்குப் போனார். செண்பகவடிவும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

அண்ணன் தம்பிகள் டிரிப்பருக்கு முன்னால் உட்கார்ந்து நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது விழவில்லை. வெகு நேரமாகியும் விழவில்லை.

"அண்ணே, விழுந்துதானே உயிரக் காப்பாத்திச்சு?" என்றார் வெயிலுகந்தான்.

"ஆமா."

"இப்ப விழ மாட்டேங்குதே. யாரு காப்பாத்துவா?"

ஹீட்டரைத் திரும்ப மாட்டினார்கள். சுவிட்சைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காத்திருந்தார்கள். அப்போதும் விழவில்லை.

சங்கிலிமுத்து அறைக் கதவைத் தட்டினார். "மாப்பிள்ள, எங்க உசுரு உங்க கையிலதான் இருக்கு. ஒரே ஒரு தடவை குளிச்சிட்டு வாங்க."

கதவைத் தள்ளினார். பெட்டி இல்லை, மாப்பிள்ளை இல்லை, மகளும் இல்லை. அறையிலிருந்து கொல்லைக்குப் போகிற கதவு திறந்து கிடந்தது. நாகர்கோவில் பஸ் அதற்குள் ஊரைத் தாண்டியிருந்தது.

இப்போது கொம்பையா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்: "படிப்பு, வேலை, நெறம் எதுவும் முக்கியமில்ல. பையன் கொஞ்சம் கசியணும்."