ஆறாவது குடும்பம்

"சாமியம்மா, எனக்குத் தீட்சை கொடுங்க. இனிமே அந்த பஸ்ல நான் ஏற மாட்டேன்."

இப்படிக் கேட்டவர் பெயர் வேதகிரி. வயது ஐம்பத்தேழு. கேட்டது ஒரு புதன்கிழமை பகலில், ஆலடி மடத்தின் பின்கட்டில்.

மடத்தை நடத்தும் சாமியம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். அன்னதானத்துப் பித்தளை அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை வெளியே எடுக்கவில்லை.

"எந்த வழியா வந்தே?" என்று உள்ளேயிருந்தே கேட்டார்.

"பின்வாசல் வழியா."

"ஏன், முன்வாசலுக்கு என்ன?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். வேதகிரிக்கு நெஞ்சோடு காலும் சேர்ந்து குறுகுறுத்துப் பின்வாசலுக்குத் திரும்பியிருந்தது.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பஸ் கிளம்பும். ஒரே நாளில் கோட்டை, மடம், மலை. காலை ஒன்பதுக்குக் கோட்டை, பன்னிரண்டுக்கு மடம், மூன்றுக்கு மலை, அப்புறம் அவரவர் வீடு. எவனோ ஒரு பாளையக்காரன் மூன்று தலைமுறையாகக் கல் சுமக்கவைத்துக் கட்டிய கோட்டையை இந்த மகாராசன்கள் ஒன்றேகால் மணி நேரத்தில் பார்த்துத் தீர்த்துவிடுவார்கள். மடத்துக்கு ஒரு மணி நேரம். அதில் சாப்பாடும் சேர்த்தி.

இருபத்திரண்டு வருஷமாக அந்த பஸ்ஸில் மைக் பிடிப்பவர் வேதகிரிதான்.

நல்ல வாய்ச்சாலகர். "மடத்துல கவலையை விட்டுட்டு வாங்க, செருப்பை விட்டுட்டு வந்துடாதீங்க" என்பார். வாராவாரம் அதையேதான் சொல்வார். வாராவாரம் சிரிப்பார்கள்.

ஆனால் தலை எண்ண மாட்டார்.

ஆரம்பத்தில் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். ஒரு அம்மாள் சண்டைக்கு வந்துவிட்டாள், விரலை நீட்டி எண்ணினால் என் பிள்ளைகளுக்குக் கண் படும் என்று. பஸ் முதலாளிக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து குடும்பத்துக்கு ஒரு குரல்தான். "ஒண்ணாவது குடும்பம்?" என்பார் வேதகிரி. "வந்தாச்சு" என்று அந்தக் குடும்பத்து ஆம்பளை ஒருவர் குரல் கொடுப்பார். பன்னிரண்டு குடும்பம், பன்னிரண்டு வந்தாச்சு, ஒரு விசில். பஸ் நகர்ந்துவிடும்.

போன ஞாயிறு ஆறாவது குடும்பத்தில் நாலு பேர். ஒருவன், அவன் மனைவி, ஒரு குழந்தை, அவனைப் பெற்றவள். பெற்றவள் பெயர் பச்சையம்மாள்.

மடத்தில் சாப்பாடு ஆனதும் வேதகிரி வழக்கம்போலக் கூப்பிட்டார். ஆறாவது குடும்பம் என்றார். வந்தாச்சு என்றான் மகன்.

வந்திருந்தது மூன்று பேர்தான்.

இதை வேதகிரி சாமியம்மாவிடம் சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. சென்னையில் இறங்கும்போது மூன்று பேர் மட்டும் இறங்கியதைப் பார்த்தாராம். பெரியம்மா எங்கே என்று கேட்க வாயெடுப்பதற்குள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்களாம். திங்கட்கிழமை அவர்கள் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டால், சேலத்தில் ஒரு மெத்தைக்கடைக்காரர் எடுத்தாராம். செவ்வாய்க்கிழமை விலாசம் தேடிப் போனால், கதவு எண் நாற்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்களாம், அந்தத் தெருவோ முப்பத்தொன்றோடு முடிந்துவிட்டதாம்.

"அப்ப, மெட்ராஸ் போய் இறங்கினப்புறம்தான் உனக்குத் தெரியும்?" என்றார் சாமியம்மா.

"ஆமா, சாமியம்மா."

உள்ளே தேய்க்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"முன்வாசல்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிட்டு வா."

வேதகிரி போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"மூணு பேர். பூக்காரம்மா, எலுமிச்சம்பழம் விக்கறவர், செருப்பு பாத்துக்கறவர்."

"இன்னொரு தடவை போய்ட்டு வா."

போனார். வந்தார். "மூணுதான்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

சாமியம்மா அண்டாவை விட்டு வெளியே வந்தார். முழங்கை வரைக்கும் புளியும் கரியும். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வேதகிரிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தூணோரமா நாலாவதா ஒரு உசுரு உக்காந்திருக்குதே. தெரியாம விட்டியா, தெரிஞ்சதாலே விட்டியா?"

வேதகிரி அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நேரம் மறைப்பது?

எல்லாவற்றையும் கொட்டினார். மடத்து வாசலிலேயே அவருக்குத் தெரியும். வந்தாச்சு என்று அவன் சொன்னபோது, பெரியம்மா உட்கார்ந்து வந்த சன்னல் சீட்டில் தண்ணீர் பாட்டில்களும் குழந்தையின் பையும் இருந்தன. மருமகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் கையை நீட்டிச் சன்னல் திரையை இழுத்துவிட்டான். அதையும் இவர் பார்த்தார். மணி ஒன்றேகால். நாலு மணிக்கு மேல் மலைக்கு ஆள் விட மாட்டார்கள். மலை தவறினால் நாற்பது பேர் சண்டைக்கு வருவார்கள், முதலாளி சீட்டைக் கிழிப்பார். பின் சீட்டில் படுத்திருப்பாள் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு விசிலை ஊதினார்.

"பெத்த புள்ளை சொன்னான், வந்தாச்சுன்னு. நான் என்ன பண்ணட்டும்? எய்தவன் இருக்க அம்பை நோகலாமா, சாமியம்மா?"

"அம்புக்குக் கண்ணு கிடையாதுப்பா" என்றார் சாமியம்மா.

வேதகிரி அழுதார். வேஷமில்லை, நிஜமாகவே அழுதார். மூன்று நாளாகத் தொண்டையில் சோறு இறங்கவில்லை என்றார். மொட்டை போட்டுக்கொள்கிறேன், காவி கட்டிக்கொள்கிறேன், கண்ணை மூடுகிற வரைக்கும் இந்த மடத்தில் பெருக்கிக் கழுவிக் கிடக்கிறேன், அந்த அம்மாளுக்கும் நானே சோறு போடுகிறேன் என்றார். எனக்கு இந்தப் பாவம் தீர்ந்தால் போதும் என்றார்.

"மொட்டைக்குள்ள ஒளிஞ்சுக்க இங்கே இடமில்லை" என்றார் சாமியம்மா. "அவ மூணு நாளா அந்தத் தூணை விட்டு நகரலே. சோத்தை அங்கேயே கொண்டுபோய் வெக்கறோம். ரெண்டு வாய்க்கு மேல இறங்கலே. ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கா. என்னன்னு நான் கேக்கலே, எதுவும் சொல்லவும் இல்லே. பஸ்ல இருந்தவன் நீ. நீ போய்ச் சொல்லு."

"என்னத்தைச் சொல்றது? உன் புள்ளை உன்னை விட்டுட்டுப் போயிட்டான்னா? இந்த வயசுல அதைக் கேட்டா அந்த உசுரு தாங்குமா?"

சாமியம்மா மறுபடியும் அண்டாவுக்குள் தலையை விட்டார்.

முன்வாசலுக்குப் போக முப்பது அடிகூட இல்லை. அந்த முப்பது அடிக்குள் வேதகிரி மூன்று பொய் தயார் பண்ணினார். மகனுக்கு உடம்பு சரியில்லை. மகன் ஊரெல்லாம் தேடுகிறான். மகன் ஞாயிற்றுக்கிழமை வருவான். மூன்றும் நல்ல பொய்கள். மைக் பிடித்த வாய் அல்லவா, தடுமாறாமல் சொல்லிவிடலாம்.

தூணோரம் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் முகம் சுண்டைக்காயாய் வற்றிவிட்டது. பக்கத்தில் இலையில் சோறு காய்ந்து கிடந்தது. இவரைப் பார்த்ததும் அந்த முகம் தெளிந்தது.

"வந்துட்டியா" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் மூன்று பொய்யும் போன இடம் தெரியவில்லை. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"உங்க புள்ளை உங்களைத் தேடலைம்மா. எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னார். பொய் நம்பர், பொய் விலாசம். அவர் வர மாட்டார்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், மாரடைத்துச் சாய்ந்தே விடுவாள் என்று நினைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது தெரியும்" என்றாள். "டிக்கெட் எடுத்துட்டு வந்தன்னிக்கே தெரியும். அஞ்சு வருஷமாத் தெருமுனைக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போகாதவன், வாம்மா மலை காட்டறேன்னா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? என் வயித்துல பொறந்தவன்தானே."

வேதகிரிக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் தெரிந்தவள் யாருக்காக இந்த வாசலில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார்.

"உனக்காகத்தான் தம்பி."

அவள் இன்னும் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"காலையில பஸ் கிளம்பறப்ப மைக்கில சொன்னியே, உங்க எல்லாரையும் பத்திரமாத் திரும்பக் கொண்டுவந்து சேக்கறது என் பொறுப்புன்னு. அவன் விட்டாலும் இந்த ஆளு விட மாட்டான்னு நம்பித்தான் உக்காந்து வந்தேன். இங்கே சாப்பிட்டதும், நீ இங்கேயே இரு, வந்துடறேன்னுட்டு அவன் போனான். நான் இந்தத் தூணோரம் நின்னேன். பஸ் சத்தம் கேட்டுது."

பிறகு அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கத்தலாம்னு வாயெடுத்தேன். முன்பக்கக் கண்ணாடியில உன் மூஞ்சி தெரிஞ்சுது. நீ என்னைப் பாத்தே. சரி, இந்த ஆளு பாத்துட்டாரு, இனிமே கத்த வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன்."