நாற்பத்திரண்டு ஓம்

“உங்க ஃபார்முலா பொய் சொல்லுது டீச்சர்” என்றார் சங்கிலி.

ஹமீதா டீச்சர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. அவளுக்கு வயது முப்பது. சங்கிலிக்கு ஐம்பத்தொன்று. நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனுக்கு ஹெல்பராக இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டு, இப்போதுதான் வயர்மேன் லைசென்ஸுக்காக அவளிடம் பாடம் கேட்க வந்திருக்கிறார்.

“என்ன பொய்ண்ணே?”

சங்கிலி ஒரு நூறு வாட் குண்டு பல்பை மேசைமேல் வைத்தார்.

“காலையில மீட்டர் வச்சு, இழை கரண்டை எவ்வளவு எதிர்க்குதுன்னு அளந்தேன். நாப்பத்திரண்டு ஓம். இருநூத்தி முப்பது வோல்ட்டை அதால வகுத்தா கரண்ட் அஞ்சரை ஆம்பியர். வோல்ட்டையும் கரண்ட்டையும் பெருக்கினா ஆயிரத்து இருநூத்தி அறுபத்தஞ்சு வாட். இஸ்திரிப் பெட்டிகூட அவ்வளவு இழுக்காது! பல்பு மண்டையில நூறுன்னு போட்டிருக்கு. அப்ப யாரு பொய் சொல்றது?”

இப்படிச் சத்தமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. மில்லில் அவருக்கு வாயில்லாப் பூச்சி என்றுதான் பேர். பின்னே, வாய் இருக்கிறவனையா இருபத்தாறு வருஷம் ஹெல்பராகவே வைத்திருப்பார்கள்?

“கோபம் பல்பு மேல இல்ல போலிருக்கே” என்றாள்.

சங்கிலி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பல்புக்குப் பக்கத்தில் விரித்தார்.

போன திங்கட்கிழமை, மில்லில் மின்சாரப் பேனல் போர்டில் வேலை பார்த்த ஏசுவடியானுக்கு வலது கை வெந்துபோயிற்று. மெயினை அணைக்க வேண்டாம், மிஷின் நிற்கக் கூடாது என்று சொன்னவர் மேனேஜர். பக்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றவர் சங்கிலி.

காகிதத்தில் கதை வேறாக இருந்தது. மெயினை அணைக்கச் சொல்லியும் ஏசுவடியான் கேட்கவில்லையாம். கீழே சாட்சி என்று சங்கிலியின் பேர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

“நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு மேனேஜர் கேப்பாரு. போட்டா, வெந்த கையோட அவன் நடுத்தெருவுல நிப்பான். போடலைன்னா நான் நிப்பேன். என்ன செய்யட்டும் டீச்சர்?”

“முதல்ல பல்பைப் பாப்போம்.”

பல்பை ஹோல்டரில் மாட்டினாள். லைனில் ஒரு ஆம்பியர் மீட்டரைக் கோத்தாள். சுவிட்சைப் போட்டாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“கரண்ட் எவ்வளவுண்ணே?”

“பாயிண்ட் நாலு மூணு.”

“வகுங்க.”

சங்கிலி எழுதுவதற்குத் தாள் தேடினார். அவள் அந்தக் காகிதத்தையே குப்புறப் போட்டு, பென்சிலை நீட்டினாள்.

“ஐயோ, இது மேனேஜர் குடுத்தது!”

“பின்பக்கம் சும்மாதானே கிடக்கு.”

அவருக்குத் தயக்கம்தான். இருந்தாலும் வகுத்தார். ஐநூற்று முப்பத்தைந்து ஓம். பெருக்கினார். தொண்ணூற்றொன்பது வாட்.

மறுபடி வகுத்தார். அதே ஐநூற்று முப்பத்தைந்து.

“டீச்சர், காலையில நாப்பத்திரண்டுதான் இருந்துச்சு. சத்தியமா.”

“இல்லைன்னு நான் சொல்லலையே.”

“அப்ப மிச்சம் எங்கேயிருந்து வந்துச்சு?”

“தொட்டுப் பாருங்க.”

சங்கிலி விரலை வைத்தார். வைத்த வேகத்தில் இழுத்து உதறினார்.

“காலையில இதைத்தானே கையில பிடிச்சு அளந்தீங்க?”

“அப்ப ஆறிக் கிடந்துச்சு டீச்சர். மீட்டருக்குள்ள இருக்கிறது பொட்டு பேட்டரி. அதுல இழை எங்க சூடாகும்? சூடு ஏற ஏறத்தானே எதிர்ப்பும் ஏறும்!”

டீச்சர் சுவிட்சை அணைத்தாள். போய்க் காயிலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

சங்கிலி காத்திருந்தார். அவள் அடுத்த சுற்றை ஆரம்பித்துவிட்டாள். அவருக்கு எரிச்சலாக வந்தது.

“காகிதத்துக்கு ஒண்ணும் சொல்லலையே நீங்க?”

“கணக்கு சரியாத்தாண்ணே இருக்கு. எடுத்துட்டுப் போங்க.”

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்தக் காகிதம் மேனேஜர் மேசையில் இருந்தது. கோடு காலியாகவே இருந்தது. மேனேஜர் திருப்பிப் பார்த்தார்.

“என்னய்யா இது கிறுக்கல்?”

“பல்புக் கணக்கு சார்.”

“கையெழுத்து எங்கய்யா?”

“போடமாட்டேன் சார். மெயினை அணைக்க வேண்டாம்னு சொன்னது நீங்க. யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.”

குரல் அவருக்கே புதிதாக, நேராக நின்றது.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்சிருச்சோ? வாட்ச்மேன்ட்ட சொன்னா இப்பவே வெளிய தள்ளிக் கதவைச் சாத்துவான். தாங்குவியா நீ? எத்தனை வருஷமாப் பாக்குறேன், உன் தெம்பு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?”

“ஆறிக் கிடந்தப்ப அளந்திருக்கீங்க சார்” என்றார் சங்கிலி.